எதிரொலியைச் சரிசெய்தவள்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. 'கேக்குதா அக்கா' என்றால்தான் தெரியும். ஆறு மாடிக் கட்டடம். எந்த மாடியில் வீடியோ அழைப்பு நடந்தாலும் சத்தம் வரவில்லை, கரகரவென்கிறது, விட்டு விட்டு வருகிறது என்று யாராவது ஒருவர் குதிப்பார். உடனே இவளுக்குப் போன் போகும். வந்து நின்றதும் திரையில் தெரியும் முகங்களைப் பார்த்து இவள் கேட்கும் முதல் கேள்வி, "கேக்குதா?" காலையிலிருந்து மாலைவரை இதே கேள்விதான். தூக்கத்திலும் கேட்கிறாள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்லுவார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், இஞ்சின் சத்தத்தில் பாதிக் காதைப் பறிகொடுத்தவர். "நான் மட்டும் கேக்கலன்னு சொன்னேன்னு வைங்க, தூக்கத்துலயே எந்திரிச்சு என் காதுல இருந்து ஒயரைப் பிடுங்கப் பாப்பா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கிண்டலடிப்பார்.

அவள் தொழிலில் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. முக்கால்வாசிப் பழுது மனிதர்களுடைய பழுதுதான். மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஆவேசமாகப் பேசுவார்கள். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காதில் விழவில்லை என்பார்கள். கேட்டால் "நான் எதையும் தொடவே இல்லையே" என்று சத்தியம் பண்ணுவார்கள். அதனால் ஆள் சொல்வதை நம்பாதே, காதில் விழுவதை மட்டும் நம்பு என்பது அவள் கொள்கை. எல்லாருடைய மைக்கையும் அணைப்பாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பாள். எவர் மைக்கைத் திறந்ததும் கரகரப்பு கிளம்புகிறதோ, அவர் மாட்டினார்.

எதிரொலி என்றால் அவளுக்குத் தனிப் பிரியம். பேசுகிறவருக்குத் தன் குரலே ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்தால் பழுது அவரிடம் இல்லை, எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரே இடத்தில் இரண்டு கருவிகள் திறந்திருக்கின்றன. ஒன்றின் ஸ்பீக்கரில் வரும் குரல் இன்னொன்றின் மைக்கில் விழுந்து திரும்பி வருகிறது. இதை அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே வீட்டில் எத்தனை முறை விளக்கியிருக்கிறாள்! "உன் குரல் உனக்கே திரும்பி வந்துச்சுன்னா, அந்தப் பக்கம் உன்னை ரெண்டு மெஷின் கேட்டுட்டு இருக்குன்னு அர்த்தம்" என்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கை, "சரிக்கா, குழம்புல உப்பு இல்ல, அதுக்கு எந்த பட்டனை அழுத்தணும்?" என்று வாரிவிடுவாள்.

தங்கைக்கு வீட்டில் பெயர் வாயாடி. அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அப்புறம் தலைவாரிவிட்டதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், கல்லூரியில் சேர்த்ததும், கல்யாணம் செய்து வைத்ததும் அக்காவும் அத்தானும்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வாயாடி பேசிப் பேசியே அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறக்கும்போதே பேச்சு உள்ளே வரும், ஆள் பின்னால்தான் வருவாள்.

மாப்பிள்ளைக்கு வேறு ஊர். ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர், பேச்சில் அப்படி ஒரு பணிவு. பெண் பார்க்க வந்த அன்று, நாற்காலியை இழுத்தால் சத்தம் வரும் என்று தூக்கி வைத்து உட்கார்ந்தார். சத்தத்தோடு மல்லுக்கட்டுகிற பெரியவளுக்கு அதிலேயே மனசு விழுந்துவிட்டது. சத்தமே போடாத மனிதன் என்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள். சத்தம் போடாதவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் காலைச் சாப்பாடு முடிந்ததும் வீடியோ அழைப்பு. மற்ற நாளில் கூப்பிட்டால் தங்கை எடுப்பதில்லை. "வேலை இருக்கும்ல அக்கா, ஞாயித்துக்கிழமை நிதானமா பேசலாம்" என்று மாப்பிள்ளைதான் செய்தி அனுப்புவார். அதுவும் நியாயம்தானே என்று இவர்கள் இருந்தார்கள்.

அந்த அழைப்பில்தான் எதிரொலி வந்தது. "நல்லா இருக்கியா?" என்று இவள் கேட்டால், ஒரு நொடி கழித்து இவள் குரலே இவளை நலம் விசாரித்தது. முதல் வாரம் பொறுத்துக்கொண்டாள். அடுத்த வாரமும் அதே கதை. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவளின் சொந்த அழைப்பில் இப்படி ஒரு பழுதா என்று அவளுக்கு மானமே போனது.

"பக்கத்துல வேற ஏதாவது போன் ஆன்ல இருக்காடி?"

தங்கை திரையில் அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"நீயே கண்டுபிடிக்கா. உனக்குத் தெரியாததா?"

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் திறமையைத் தங்கை மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். பழுது பார்க்கிறவர்களுக்கே உள்ள கோளாறு இது. எங்கே பழுது என்பதைப் பிடித்துவிடுவார்கள், அது ஏன் அங்கே வந்தது என்று கேட்கத் தோன்றாது. அப்போது அவள் கேட்டிருக்க வேண்டும். நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் முகம் திரைக்குள் வந்தது. "என்னக்கா, சவுண்ட் பிரச்சினையா? என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணிடுவோம்."

கேட்க வேண்டுமா! உற்சாகம் பீறிட்டுக்கொண்டு வந்தது அவளுக்கு. "உங்க லேப்டாப்பும் இவ கணக்குலயே இந்தக் கால்ல இருக்கா மாப்பிள்ளை?"

"ஆமாக்கா, ஹால்ல இருக்கு. ஏதோ தானா கனெக்ட் ஆயிடுது."

"அதான் பாத்தேன். இவ கதவை ஒட்டி உக்காந்திருக்கா. போன் வேற ஹால் பக்கம் திரும்பியிருக்கு. லேப்டாப்ல வர்ற என் குரல் இவ மைக்குல விழுது. இவளை உள்ள தள்ளி உக்காரச் சொல்லுங்க. கதவைச் சாத்திக்கச் சொல்லுங்க. லேப்டாப்ல மைக்கை அணைச்சிடுங்க, ஹெட்போன் இருந்தா அதைச் சொருகிடுங்க. அவ்வளவுதான், அப்புறம் ஒரு பொட்டுச் சத்தம் வராது."

மாப்பிள்ளை தலையாட்டினார். போனைக் கையில் எடுத்து, அது திரும்பியிருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். "கதவை ஒட்டியா? ஓ... இது எனக்குத் தோணவே இல்லையே. ரொம்ப தேங்க்ஸ் அக்கா."

லேப்டாப்பையே அணைத்துவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு ஏனோ வாய் வரவில்லை. மாப்பிள்ளையின் பொருள், அதில் நாம் ஏன் கை வைக்க வேண்டும் என்ற மரியாதை. தங்கை அந்த நேரத்தில் திரையிலேயே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரல் கணீரென்று இருந்தது. எதிரொலி போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. "பாத்தீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

ஆனால் கணீரென்று கேட்கிற அந்தக் குரலில் பேச்சு குறைந்துகொண்டே போனது. நல்லா இருக்கேன்கா. சாப்பிட்டேன்கா. அவர் நல்லா பாத்துக்கறார்கா. வாயாடி இப்படி எண்ணி எண்ணிப் பேசுவாளா என்று வீட்டுக்காரர் கேட்டபோது, கல்யாணமானால் பொறுப்பு வரத்தானே செய்யும் என்று இவள் சமாதானம் சொன்னாள். தங்கைக்குப் பின்னால் எப்போதும் அதே வெள்ளைச் சுவர். ஜன்னல் தெரியாது, கதவு தெரியாது. இங்கே வா என்று கூப்பிட்டால் மாப்பிள்ளைக்கு வேலை. நாங்கள் வருகிறோம் என்றால் அவர்களுக்கு வெளியூர்ப் பயணம்.

போகப் போக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எதைக் கேட்டாலும் தங்கையின் பதில் சற்றுத் தாமதித்தே வந்தது. கேள்வி போய்ச் சேர்ந்து, அங்கே எங்கேயோ நின்று, யோசித்துவிட்டு வருகிற மாதிரி ஓர் இடைவெளி. லைன் மெதுவாக இருக்கிறது என்று முடிவு கட்டினாள் பெரியவள். நல்ல மோடம் ஒன்று வாங்கிப் போடச் சொன்னாள். மறுநாளே வாங்கிப் போட்டு, படம் எடுத்தும் அனுப்பினார் மாப்பிள்ளை. இப்படி ஒரு பிள்ளை கிடைக்க வேண்டுமே என்று இவள் உருகிப் போனாள். தாமதம் மட்டும் குறையவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பணியாளர் துறைத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூட்டத்தில் பேசுகிற ரகசியமெல்லாம் வெளியே போகிறதாம். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அவள் அழைப்பைத் திறந்து, காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"எதிரொலி ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ வேற யாரும் கேக்கலன்னு நிம்மதியா இருக்கலாமா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். தெரியாத்தனமா கேக்குறவன்தான் சத்தம் போட்டு மாட்டிக்குவான். திட்டம் போட்டுக் கேக்குறவன் மைக்கை அணைச்சிட்டு, காதுல ஹெட்போனை மாட்டிட்டு உக்காந்திருப்பான். ஆள் இருக்கிறதே நமக்குத் தெரியாது."

"அட! இதையெல்லாம் எவன்மா அவனுக்குச் சொல்லிக் குடுக்கிறான்?" என்று சிரித்தார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. வாய்விட்டுச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் ஏற்கெனவே ஒருவருக்குச் சொன்னதுதான். அதே வரிசை, அதே உற்சாகம். அந்த அறையை விட்டு எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. படிக்கட்டிலேயே நின்று தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. உடனே மாப்பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. 'ஞாயிறு பேசலாம் அக்கா.'

தங்கையின் போனுக்குத்தானே கூப்பிட்டோம், இவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியோடு அவள் நேரே வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லை. "லேப்டாப்பை மூட மறந்திருப்பாரு. நீ எதையாவது நெனச்சுக் குழம்பாதே."

"வாரா வாரமா மறப்பாரு? ஹெட்போனை மாட்ட மட்டும் ஞாபகம் இருக்குமா?"

அவர் கை துடைக்கிற துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வந்தது. வெள்ளைச் சுவர். தங்கையின் முகம் சிறுத்திருந்தது, அல்லது இன்றைக்குத்தான் இவள் ஒழுங்காகப் பார்க்கிறாள். வழக்கமான நலம் விசாரிப்பு நடந்தது. பேசிக்கொண்டே இவள் திரையில் தங்கையின் பெயரைத் தொட்டாள். அந்தச் செயலியில் ஒரே கணக்கில் எத்தனை கருவிகள் நுழைந்தாலும் ஒரு பெயர்தான் தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் அடியில் விவரம் வரும். வந்தது. ஒரு போன். ஒரு லேப்டாப், மைக் அணைக்கப்பட்டிருந்தது.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மனிதன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இவள் மூச்சைக்கூடக் கேட்டுக்கொண்டு இருக்கிறான் என்ற எண்ணம் அவள் பிடரியில் ஏறி உட்கார்ந்தது. ஆனால் குரலை மாற்றக் கூடாது. அவளுக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான், அலுவலகக் குரல். அதை எடுத்தாள்.

"மறுபடியும் சவுண்ட் சரியில்லடி. லேட்டா வருது. ஒரு டெஸ்ட் பண்ணலாம். நான் கை தட்டினதும் நீயும் தட்டு."

தட்டினாள். தங்கை உடனே தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள், அதுவும் உடனே வந்தது. லைனில் தாமதம் ஒரு துளியும் இல்லை. இத்தனை மாதமும் தாமதித்தது அந்தப் பெண்தான். ஒவ்வொரு கேள்விக்கும், எந்தப் பதிலைச் சொன்னால் இன்றைக்குத் தப்பிக்கலாம் என்று யோசித்துத் தாமதித்திருக்கிறாள்.

பெரியவள் குரலை மாற்றாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"கை தட்டினா ரூம் முழங்குது. கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்குக்கா."

"கொஞ்சம் திறந்து வை. காத்து வந்தா சரியாயிடும்."

தங்கை அசையவில்லை. கண் மட்டும் பக்கவாட்டில் போய்த் திரும்பியது. அப்புறம், பல மாதங்களில் முதல் தடவையாக, தாமதமே இல்லாமல் பேசினாள்.

"திறக்க முடியாதுக்கா. தாழ்ப்பாள் வெளியில இருக்கு."

மறுகணம் படம் அணைந்தது. வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இவள் கையை நீட்டி அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள். அவள் எதிர்பார்த்தபடியே போன் அடித்தது.

"லைன் போயிடுச்சுக்கா" என்றார் மாப்பிள்ளை. அதே பணிவு, அதே மெல்லிய குரல். "கதவு துருப்பிடிச்சு அடிக்கடி மாட்டிக்குது. ஆள் வரச் சொல்லியிருக்கேன். நீங்க ஏதும் தப்பா எடுத்துக்கலையே?"

அவள் தன் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய்யை அப்போது சொன்னாள். "அய்யோ, அதெல்லாம் இல்ல மாப்பிள்ளை. பாவம், நீங்களும் எத்தனையைத்தான் பாப்பீங்க. அடுத்த வாரம் பேசலாம்."

அன்றைக்குப் புறப்பட்ட ரயில் போல மெதுவாக எந்த ரயிலும் போனதில்லை. வழியெல்லாம் அவள் வீட்டுக்காரரின் கையை விடவில்லை. நாம் போவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் ஆகாது என்று சொல்லவும் இல்லை. விடிந்ததும் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் போனார்கள். சண்டையா, அடியா, காயம் உண்டா என்று கேட்டார்கள். எதுவும் தெரியாது, கதவை வெளியே தாழ்போடுகிறான் என்று மட்டும் தெரியும் என்றாள். நல்லவேளை, பணியில் இருந்த பெண் காவலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

மாப்பிள்ளை கதவைத் திறந்து சிரித்த முகத்தோடு வரவேற்றார். கூடம் துடைத்து வைத்தது போல இருந்தது. மேசையில் லேப்டாப், பக்கத்தில் அழகாகச் சுற்றிவைத்த ஹெட்போன். "அக்காவுக்கு வேலைப் பழக்கம் மேடம். எதைப் பாத்தாலும் பழுதாத்தான் தெரியும்" என்று காவலரிடம் சொன்னார். உள்ளறைக் கதவில் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள். துருவாவது ஒன்றாவது. காவலர் அவரை நகரச் சொல்லிவிட்டு அதைத் திறந்தார்.

தங்கை வெள்ளைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்தும் எழவில்லை. உள்ளே வரச் சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி, முதலில் கூடத்தின் பக்கம் பார்த்தாள். அத்தனை ரயில் நேரமும் அழாத பெரியவள் அப்போதுதான் ஓவென்று அழுதாள்.

வழக்கு நடக்கிறது. அது நடக்கிறபடி நடக்கட்டும். வாயாடி இப்போது அக்கா வீட்டில் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பேசத்தான் மாட்டேன் என்கிறாள். அத்தான் வேண்டுமென்றே குழம்பில் உப்பில்லை என்று குதித்துப் பார்த்தார். அவள் எழுந்து போய் உப்பை எடுத்து வந்து வைத்தாள்.

ஒரு நாள் மதியம் அக்காவும் தங்கையும் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு இருந்தார்கள். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவில்லை. தங்கை தானாகவே வாயைத் திறந்தாள்.

"அக்கா, முதல் மாசமே அவரு ஒட்டுக்கேக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் எதையும் சொல்ல முடியாது. அதனாலதான் வாரா வாரம் கதவை ஒட்டி உக்காந்து, போனை ஹால் பக்கமா திருப்பி வச்சேன்."

பெரியவளின் கையில் துணி அப்படியே நின்றது.

"லேப்டாப் சத்தம் உனக்கு வரணும்னுக்கா. உன் குரல் உனக்கே வந்தா, யாரோ கேக்குறாங்கன்னு நீ கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன்."

"கண்டுபிடிச்சேனேடி" என்றாள் பெரியவள்.

"ஆமாக்கா. கண்டுபிடிச்சு அவர்கிட்டயே சொல்லிட்ட. நான் எதுக்குக் கதவுகிட்ட உக்காந்தேன்னு அவருக்கும் அப்பத்தான் புரிஞ்சுது. அந்தத் தாழ்ப்பாள் மறுநாள்தான் வந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்து உதறி, அக்காவும் ஒரு முனையைப் பிடிப்பதற்காக நீட்டினாள்.